ஒன்பதாம் நம்பரின் அம்மா

அந்த அம்மாவுக்குக் கால்பந்து பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று கோச் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டார். மூக்கில் தடிக் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று வேறு கேள்விப்பட்டிருந்தார்.

மாடியிலிருந்து இறங்கி வரவே அந்த அம்மா வேண்டுமென்று நேரத்தைக் கடத்துவதாகப் பட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, என்ன ஒரு ராணி நடை! காரியம் ஆகவேண்டும் என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சோபாவில் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் ஐஸ் பை. பஸ் டிரைவரான அப்பா டியூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ரெண்டு பேரையும் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் கோச். "சனிக்கிழமை ஒரே ஒரு மேட்ச். ஒன்பது இல்லாம என்னால டீமை இறக்க முடியாது."

"எது ஒன்பது?" என்றார் அப்பா.

"உங்க பொண்ணுதான் சார். ஜெர்சி நம்பர். என் பசங்க எல்லாரையும் நான் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஒரு செல்லம்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"டாக்டர் ஆறு வாரம் காலை ஊனக் கூடாதுன்னாரு," என்றார் அம்மா.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க மேடம். ஒரு ஊசி போட்டா மேட்ச் முடியற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் எத்தனை வாரம் வேணாலும் படுத்துக்கட்டும்."

"நான் ஆடறேம்மா," என்றாள் மகள். அம்மா ஒரு பார்வை பார்த்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த வீட்டுல கடைசி வார்த்தை இவளோடதுதான். நீங்க பேசிக்கோங்க, எனக்கு நேரமாச்சு," என்று அப்பா நைசாக நழுவிவிட்டார்.

கோச் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விவரம் தெரியாதவர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும்.

"இது உங்க கணக்கு மாதிரிதான் மேடம். இந்தப் பக்கம் பதினோரு பேர், அந்தப் பக்கம் பதினோரு பேர். பந்தை எதிரி வலைக்குள்ள தள்ளினா ஒரு மார்க்."

"ஒரு மார்க்கா?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார் அம்மா. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் நாங்க வாங்கின மார்க் எல்லாமே ஒன்பது போட்டதுதான். மத்ததுங்க ஓடுதுங்க, அவ்வளவுதான். சனிக்கிழமை தோத்தா காலேஜ்ல டீமைக் கலைச்சுடுவாங்க. கிரவுண்டுல கார் நிறுத்தப் போறாங்களாம். எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது மேடம். இந்த வயசுல என்னை யாரு கூப்பிடுவா?"

அவர் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அந்த மைதானத்திலேயே தலை நரைத்தவர். இத்தனை வருடத்தில் ஜெயித்தது ஒரே ஒரு கோப்பை. அதையும் கல்லூரி முதல்வர் தன் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த முகத்தில் ஒரு இரக்கம் தெரிந்தது. கோச் அதை விடவில்லை. வருடா வருடம் புதுப் பெண்களுக்குச் சொல்லி உசுப்பேற்றும் கதையை எடுத்தார்.

"அந்தக் கப் எங்களுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா மேடம்? ஃபைனல்ல எங்க மூணாம் நம்பருக்கு முட்டி போயிடுச்சு. துடிக்கறா, வெளிய வரேங்கறா. 'ஒண்ணுமில்ல, எழுந்திரு'ன்னு இழுத்துக் கட்டி உள்ள அனுப்பினேன். ஆடினா மேடம்! நொண்டிக்கிட்டே ஓடிவந்து, கடைசி நிமிஷத்துல விழுந்து பந்தை மறிச்சா. கப் வந்ததே அவளாலதான். ஆட்டம் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் புரியாது. அது ஒரு வெறி."

மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

கோச் நெற்றியைச் சுருக்கினார். "பேரு... வாய் வரைக்கும் வருது மேடம். மூணாம் நம்பர்னே கூப்பிட்டுப் பழகிடுச்சு."

"அப்புறம் அவளைப் போய்ப் பார்த்தீங்களா?"

"எங்க மேடம்! அடுத்த சீசன் வந்துடுச்சு, அவ டீமுக்கு வரல. புதுசா ஒரு மூணாம் நம்பரை எடுத்துட்டோம்." கோச் தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. அவ எங்க இருந்தாலும் சரி, அந்த மேட்ச்சையும் என்னையும் மறந்திருக்க மாட்டா."

அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மறக்கல கோச். முட்டிதான் இன்னும் மடங்க மாட்டேங்குது."