ஜெஸ்லின் வளர்த்த மீன்

வலையைக் கரையில் உதறியதும் அவர் குனிந்து எண்ண ஆரம்பித்தார்.

கெண்டை மூன்று. ஆரல் ஒன்று. விரல் நீளத்துக்கு ஒரு கெளுத்தி.

மிச்சமெல்லாம் சக்கர் மீன். உடம்பெல்லாம் புள்ளியும் முள்ளும் ஓடுமாக. தொட்டியில் பாசி தின்னட்டும் என்று கடையில் வாங்கி விடுவார்களே, அதேதான். தாமிரபரணிக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. எங்கோ கடல் தாண்டிய ஊர்ச் சனியன்.

அவர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். வருஷா வருஷம் தை மாதம் இந்தத் துறைக்கு வந்து, ஆற்றில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். முதல் வருஷம் முப்பத்தோரு வகை. அயிரை, உளுவை, குறவை, விரால் என்று எழுதி எழுதிக் கை வலித்தது. அன்றைக்கு என்ன சந்தோஷம்!

இந்த வருஷம், இதுவரை எட்டு.

"இது முள்ளு கிழிச்சே மாசத்துக்கு ரெண்டு வல போவுது சார்" என்றாள் முத்துப்பேச்சி. அவளும் அவள் புருஷனும்தான் அவருக்காக வலை போடுகிறவர்கள். இந்த ஆற்றை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அவர் நோட்டை விரித்துக் குறித்துக்கொண்டார்.

இந்த வருஷம் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினார். போன வருஷமும் அப்படித்தான் ஏறினார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மகள் ஜெஸ்லினுடையது. அப்போது அவளுக்குப் பத்து வயது. உள்ளே சக்கர் மீன் ஒட்டிக்கிடக்கும். அதன் வாய்க்கு நேரே, இந்தப் பக்கம் தன் வாயை வைத்து முத்தம் கொடுப்பாள். கண்ணாடியெல்லாம் எச்சில். அவள் அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள்.

டெங்குக் காய்ச்சல். ஆறே நாள்.

பிள்ளை போய்விட்டது.

அதற்கப்புறம் யார் தீனி போடுவது? மற்ற மீனெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. சக்கர் இரண்டும் மட்டும் சாகவில்லை. தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி அழுதாள். தூக்கிப் போடுங்கள் என்றாள்.

அவருக்குக் கை வரவில்லை. பிள்ளை முத்தம் கொடுத்த மீனை எந்த அப்பன் கொல்லுவான்?

வாளியில் எடுத்துவந்து, இதே துறைக்கு மேலே, பாலத்தடியில் விட்டார்.

வெளிநாட்டு மீனை ஆற்றில் விடவே கூடாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லுகிறவர். ஒன்று ஆண், ஒன்று பெண் என்பதுகூட அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டார். எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்று விட்டார்.

இருந்தது. நன்றாகவே இருந்தது.

வேறு யாராவதுகூட விட்டிருப்பார்கள் என்று எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டார். மனசு கேட்டால்தானே?

முத்துப்பேச்சி ஒரு சக்கரை வாலைப் பிடித்துத் தூக்கிப் பாறையில் ஓங்கி அடித்தாள். அப்புறம் இன்னொன்றை. திரும்ப ஆற்றுக்குள் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் அடித்துத்தான் போடுவாள்.

அடிக்கு அடி அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

"பேச்சியம்மா" என்றார்.

அவள் காதில் விழவில்லை. அடுத்த மீனை எடுத்துக் கையை ஓங்கினாள்.

"எந்தப் படுபாவி இத ஆத்துல கொண்டாந்து விட்டானோ! எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டானே! அவன் புள்ளகுட்டி நல்லாருக்குமா? நீங்களே சொல்லுங்க சார்."

"நல்லா இல்லம்மா" என்றார். "ஒரே புள்ள. அதுவும் போயிட்டு."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மீனைப் பார்த்தாள்.

அதற்கு இன்னும் உயிர் இருந்தது.