வெளியே போனவள்

"தாய் தகப்பன் உயிரோட இருக்கிறவங்க எல்லாம் எழுந்து வெளிய போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்த கால்மனுக்கு உறைத்தது.

காலங்காலமாகச் சொல்லி வந்த பழக்கம். யூதர்களின் யோம் கிப்பூர் விரத நாளில், இறந்தவர்களை நினைத்து ஜெபிக்கும் நேரத்தில், பெற்றோரை இழக்காதவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. போருக்கு முன்னால் பிள்ளைகள் இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருப்பார்கள். கூச்சலோடு முற்றத்துக்கு ஓடுவார்கள்.

இங்கே ஒருவரும் அசையவில்லை.

போலந்தின் சிலேசியாவில் ஒரு ஜெர்மன் ஆலை முதலாளி அப்படியே போட்டுவிட்டு ஓடிய மாளிகை அது. போர் முடிந்ததும் அநாதைப் பிள்ளைகளின் விடுதியாகியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஜெபம். கால்மன் தலை குனிந்துகொண்டு, ஏற்கெனவே திறந்திருந்த பக்கத்தையே தேடினார்.

பின்வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

பெயிலா எழுந்தாள். பத்து வயது. ஐந்து வயதுத் தம்பி லெய்பின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"இவ அப்பா அம்மா மட்டும் பாரிஸ்ல தொப்பி வாங்கிட்டு இருக்காங்கபோல," என்றான் யூரெக் என்ற பெரிய பையன்.

யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் ரெய்சல் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் உள்ளே இருக்க வேண்டியவள். புருஷன், இரண்டு தங்கைகள், ஒரு பெண் குழந்தை என்று சொல்ல வேண்டிய பெயர்கள் அவளிடமும் இருந்தன. ஆனால் கால்கள் பெயிலாவின் பின்னால் போயின.

அந்தப் பிள்ளைகளின் அப்பா ரஷ்யப் படையோடு கிழக்கே போனவர். ஒருநாள் திரும்பலாம். அம்மா வரமாட்டாள் என்பது ரெய்சலுக்குத் தெரியும்.

பிள்ளைகளை ஒரு குடியானவன் வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு நாஜிகளின் வதைமுகாமுக்குப் போனவள் லிபா. அங்கே ரெய்சலுக்குப் பக்கத்துப் பலகையில் படுத்தாள். போரின் கடைசிக் குளிர்காலத்தில் முகாமைக் காலி செய்து எல்லோரையும் பனியில் நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் லிபா உட்கார்ந்தாள். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ரெய்சல் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோடை முழுவதும் பெயிலா தம்பியை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வருவாள். "அம்மாகிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சா அக்கா?" என்பாள். "வரும் கண்ணு," என்பாள் ரெய்சல். சில நாள் முன்பு, யூதப் புதுவருடத்தன்று ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்துக் கொடுத்தபோது பெயிலா இன்னொரு துண்டும் கேட்டாள். "அம்மாவுக்கு எடுத்து வைக்கணும்," என்றாள், சத்தமாக. ரெய்சல் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

முற்றத்தில் வெயில் இருந்தது, சூடு இல்லை. குடில் கட்டி அதில் உட்கார்ந்து உண்ணும் அடுத்த வாரத்துக் குடில் பண்டிகைக்கு, கூரை வேய வெட்டி வந்த கிளைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. லெய்ப் அக்காவின் கையை உதறிவிட்டு அவற்றின் மேல் ஏறினான்.

"அம்மா வர்றதுக்குள்ள குடிலைக் கட்டிடுவோமா?"

"கட்டிடுவோம். நீ விழாம ஏறுடா," என்றாள் பெயிலா.

உள்ளே கால்மனின் குரல் எழுந்தது. பிறகு பிள்ளைகளின் குரல்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிற்கவே இல்லை.

இன்றைக்கும் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று ரெய்சலுக்குத் தோன்றியது.

"பெயிலா, உங்கிட்ட ஒண்ணு..."

"மெதுவாக்கா. அவன் காதுல விழும்."

ரெய்சல் குனிந்து அவள் அருகே வந்தாள்.

"மொத நாளு என்னைப் பாத்ததும், நான் பேரு சொல்றதுக்கு முன்னாடியே லிபான்னு எங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்ட்டீங்க," என்றாள் பெயிலா, தம்பியிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதீங்க. உசுரோட இருக்கிறவங்கள நெனச்சு யாரும் அப்படி அழமாட்டாங்க."

கோடை முழுவதும் கேட்ட அந்தக் கேள்வி யாருடைய காதுக்காக என்பது ரெய்சலுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அவனுக்கு ஏழு வயசானதும் சொல்லிக்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க."

ரெய்சல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உள்ள சொல்றாங்களே, அந்த ஜெபம். அதை வெளிய நின்னு சொன்னாலும் சேருமா?"

"சேரும்."

"சத்தம் இல்லாம சொன்னா?"

"சேரும் கண்ணு."

பெயிலா தம்பிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் உதடுகள் அசையத் தொடங்கின.

லெய்ப் கிளைகளின் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா ஏன் அங்க நிக்கிறா?"

ரெய்சல் விரைந்து போய் அவனைத் தூக்கித் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"அவ கெடக்கறா. நீ சொல்லு, உங்கம்மா வந்தா குடிலுக்குள்ள எங்க உக்காருவாங்க? கூரையை எவ்வளவு உசரத்துல போடலாம்?"

லெய்ப் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். பிறகு அவள் காதருகே வந்து, அக்காவுக்குக் கேட்டுவிடாதபடி, ரகசியமாகக் கேட்டான்.

"எங்கம்மா எவ்ளோ உசரம்?"

ரெய்சல் அவனை இறக்கிவிட்டாள். பனியில் நடந்தபோது பக்கத்தில் வந்த தோளை நினைத்துப் பார்த்து, கையைத் தன் காதுவரை உயர்த்திக் காட்டினாள்.

"இவ்ளோ," என்றாள்.