ரோஸ் புத்தகத்தில் ஜெனிட்டாவின் கையெழுத்து

பிரஷர் மெஷினில் நூற்றெழுபத்தெட்டு என்று மின்னியதும் தாதி திலகம் மிஸ்ஸி அகத்தாவின் கையில் பட்டையை இரண்டாம் முறையாகச் சுற்றி இறுக்குகிறார். பக்கத்தில் மகள் ஜெனிட்டா நிற்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மாவின் விரல்கள் வயிற்றின் மேல் வீங்கிக் கிடக்கின்றன. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருக்கிறது. மேசையில், கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் கொடுக்கும் ரோஸ் புத்தகம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. தினமும் காலையில் அம்மா வீட்டு மெஷினைப் பார்த்துப் பிரஷரைச் சொல்லச் சொல்ல, பள்ளிச் சீருடையோடு ஜெனிட்டா எழுதிய எண்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே நூற்றிருபது, நூற்றிருபத்திரண்டு. மிஸ்ஸியின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்குகிறது.

“பத்து வருசமா பிரஷர் உள்ளவங்களுக்கு இவ்ளோ அழகா இருக்குமாக்கா?”

“கூடச் சொன்னா வார்டுல போட்டுருவீங்கல்ல மிஸ்ஸி. இவளுக்கு ஸ்கூல் கடைசி வருசம், எஸ்பிஎம் பரீட்ச. நான் இல்லன்னா வீட்டையும் இவதான் பாக்கணும். அதான் கொறச்சுச் சொன்னேன்.”

அகத்தா மகளைப் பார்க்கவில்லை. நீல மையில் வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து ஜெனிட்டாவுடையது. இத்தனை பொய்யும் அவளுக்காகவாம். மிஸ்ஸி போனில் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஜெனிட்டா பக்கம் திரும்புகிறார்.

“எழுதறப்ப நீ ஒரு நாளாச்சும் மெஷின எட்டிப் பாத்தியாமா?”