வால் கூண்டின் கதவு

போர்க்காலம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் விமானத்தளத்தில் அந்தி நேரம். குண்டு விமானத்தின் அடியில் நிற்பவர்கள்: விமானி ஆர்மிட்டேஜ், அவனுடைய ஐந்து ஆட்கள், வாலில் உட்காரப் போகும் புதிய துப்பாக்கிக்காரன் கிராப்ட்ரி, விமானத்தைப் பழுது பார்க்கும் கார்ப்பரலான நான். புறப்படும் முன் ராசிக்காகப் பின்சக்கரத்தின் மேல் ஒன்றுக்குப் போவது இவர்கள் வழக்கம். கிராப்ட்ரிக்கு மட்டும் வரவில்லை. "சீக்கிரம்டா, ஜெர்மன்காரன் காத்துக்கிட்டு இருக்கான்," என்கிறான் ஆர்மிட்டேஜ். "இத்தனை பேர் பாத்தா எப்படி வரும்?" சிரிக்கிறார்கள். கிராப்ட்ரி பொத்தானைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வாலுக்குள் தவழ்ந்து வருகிறான். உள்ளே கிருமிநாசினி நெடி இன்னும் போகவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் கால்களை நுழைத்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் உள்ள கதவை இழுத்துப் பார்க்கிறான். பாதியில் சிக்கி, பிறகு ஓடுகிறது. "போன வாரம் தீப்பிடிச்சப்ப, எனக்கு முன்னாடி இந்தக் கூண்டுல இருந்தவன் ஏன் வெளிய வரல, கார்ப்பரல்?" "கதவு திறக்கல." "இது புதுசா?" "கதவு புதுசு. அது ஓடுற தடம் பழசு." எண்ணெய் விடுகிறேன். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. "இது போதுமா?" "இங்க போதும். மேல குளிர்ல எண்ணெயும் உறையும்." இஞ்சின்கள் உறுமுகின்றன, தகரம் முழுக்க நடுங்குகிறது. "என்னடா, அங்கயே குடித்தனமா?" என்று முன்னாலிருந்து ஆர்மிட்டேஜ் கத்துகிறான். கிராப்ட்ரி மடியில் அணைத்திருந்த பாராசூட்டை என்னிடம் நீட்டுகிறான். கூண்டுக்குள் அதற்கு இடமில்லை. குதிப்பதென்றால் கதவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். கை எட்டும் கொக்கியில், கதவுக்கு இந்தப் பக்கம், அதை மாட்டுகிறேன். அவன் தலையசைக்கிறான். கதவை இழுத்துச் சாத்துகிறேன். தாழ் விழுகிறது.