ஒடிந்த ஸ்டட்

ஒடிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து நஞ்சப்பன் வெல்டிங் ராடால் தொட்டதும் பானட்டுக்குள் நீல வெளிச்சம் வெடித்தது.

"வாணி, அங்க பாக்காத. புகையும் ஆவாது. தள்ளிப் போய் உக்காரு" என்றான் சரத்.

கோகிலவாணி எழுந்து நாற்காலியைத் தூக்கப் போனாள். அதற்குள் அவனே ஓடி வந்து வாங்கி, ஷெட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் போட்டான். கொஞ்ச நாளாகவே அவள் புருஷன் அப்படித்தான். வீட்டில் தண்ணீர் கேனைக்கூட அவளைத் தொட விடுவதில்லை.

காலையில் தொப்பூரிலிருந்து பென்னாகரத்துக்குக் கிளம்பியவர்கள். அவளுடைய அம்மா வீடு அங்கே. நல்லம்பள்ளி வருவதற்குள் இன்ஜினில் 'டக் டக்' சத்தம் பெரிதாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி. வாங்கும்போதே அந்தச் சத்தம் லேசாக இருந்தது. டீசல் வண்டி என்றால் அப்படித்தான் என்று விற்றவர் சொன்னார். சரத்தும் நம்பிவிட்டான்.

நஞ்சப்பன் ரோட்டோரம் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார். இன்ஜினிலிருந்து வரும் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற குழாய் இருக்கிறதே, அதை இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்கும் திருகாணிகளான ஸ்டட்டுகளில் மூன்று ஒடிந்து கிடக்கின்றன. இரண்டில் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பிடித்துத் திருகியதும் வந்துவிட்டன. மூன்றாவது, பிடிக்க நுனியே இல்லாமல் உள்ளோடு ஒடிந்திருந்தது.

"இது வரலைன்னா இன்ஜின் ஹெட்டையே கழட்டணுங்க. வண்டி இங்கதான் கெடக்கும்."

எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று கோகிலவாணி வேண்டிக்கொண்டாள். இன்று அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துச் சொல்லப்போகிற சேதி. அதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சரத் இளநீர் வாங்க ரோட்டைத் தாண்டிப் போனான்.

சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று நஞ்சப்பன் கையைத் துடைத்தபடி நின்றார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வண்டியில போனா தலை சுத்துதுங்களா? வாந்தி கீந்தி வருதா?"

அவள் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"புகை பூராவும் உள்ளதான வந்துட்டிருந்திருக்கு. ஏசிக்குக் காத்துப் போற வழியெல்லாம் கரி அப்பிக் கெடக்குது. சும்மா இருக்குமா? இன்னியோட சரியாப் போயிடும், பயப்படாதீங்க."

நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். முதல் வாந்தி, ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது. அப்புறம் அரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில். அப்புறம் சேலம் போனபோது. வீட்டில் ஒரு நாளும் இல்லை. காலையில் பல் விளக்கும்போது இல்லை. தாளிக்கிற வாசனைக்கு இல்லை. எல்லாமே இந்த வண்டியின் முன்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டபோதுதான். சரத்துக்குக்கூடத் தலை வலித்தது. தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

நாள் தள்ளிப்போவது அவளுக்குப் புதிதல்ல. மெடிக்கலில் கிட் வாங்கி வரட்டுமா என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். அந்த ஒற்றைக் கோட்டை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. இந்தத் தடவை உடம்பே சொல்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

நஞ்சப்பன் எண்ணெய் விட்டு, ஸ்பேனரை நட்டில் மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார்.

வராமல் போகட்டும் என்று நினைத்தாள் அவள். ஒடிந்தது ஒடிந்தபடியே இருக்கட்டும். வண்டி இங்கேயே கிடக்கட்டும். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். அவன் சந்தோஷம் இன்னும் ஒரு நாளாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பேனர் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு தடையில்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

"வந்துருச்சுங்க!"

நஞ்சப்பன் ஒடிந்த துண்டைத் தூக்கிக் காட்டினார். அவள் திரும்பினாள். எப்போது வந்தானோ, பின்னால் சரத் நின்றிருந்தான். இளநீரை நீட்டினான். வெயிலில் வெகுநேரம் கையிலேயே இருந்ததுபோல் அது சுட்டது. வாங்கிக் குடித்தாள்.

புது ஸ்டட், புது கேஸ்கெட் எல்லாம் போட்டு முடிக்க மதியம் தாண்டிவிட்டது. சாவியைத் திருகியதும் இன்ஜின் அந்த 'டக் டக்' இல்லாமல் ஓடியது.

தர்மபுரியைக் கடந்து பென்னாகரம் ரோட்டில் ஏறியதும் அவள் கண்ணாடியை ஏற்றினாள். ஏசியைப் போட்டு, காற்று முகத்தில் படும்படி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதாவது செய்யாதா என்று காத்திருந்தாள்.

தலை தெளிவாக இருந்தது. வயிறு ஒன்றும் செய்யவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

இவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏங்க" என்றாள்.

சரத் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கம்மா கேட்டா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்னு சொல்லிக்கலாம், வாணி."