எண்ணுகிற நாள்

“அண்ணை, ஒரே ஒரு நாளைக்குத்தான். காலமை பிள்ளையைக் கொண்டுவந்து இருத்திப்போட்டுப் பின்னேரம் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“எண்ணுறதுக்கோ?”

“ஓம், எண்ணுறதுக்கு.”

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் படியில் வைத்து அக்னெஸ் கேட்டது அது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு.

“பிள்ளைக்குப் பக்கத்தில இருக்க ஒரு ஆளைப் போடச் சொன்னால் மூண்டு வருசமாக் காசில்லை. இப்ப பிள்ளையைக் காட்டிக் காசு வாங்கப்போறாங்களோ?” என்றார் அருமைநாதன்.

“பூசை முடிய நிண்டு, வீட்டுப் படிப்பு மாதிரி வராது எண்டு எல்லாருக்கும் சொல்லுறியள். ஒரு நாள் விட்டால் அந்தப் படிப்பு கரைஞ்சே போயிடும்?”

அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற மகள் ஷெரோன் “போவமே அப்பா?” என்று கேட்டுவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் இதையெல்லாம் கதைத்திருக்கக் கூடாது.

செப்டெம்பர் முப்பதாம் திகதி எத்தனை பிள்ளைகளோ, அத்தனை பேருக்குத்தான் அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுக்கும். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை குறைவு. குறைந்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக்கி, ஒரு ஆசிரியையை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வரவு எழுதுகிற இடாப்பில் ஷெரோனின் பெயர் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது.

முதலாம் வகுப்பில் அவளுக்கு இரண்டு தரம் வலிப்பு வந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் வகுப்பில் வைத்திருக்கலாம் என்றார்கள். ஆளுக்குக் காசு அடுத்த வருஷம் வரும் என்றார்கள்.

அன்றிலிருந்து வில்லரேப் பகுதியில் இருக்கிற அவர்கள் வீட்டுச் சமையலறை மேசைதான் வகுப்பு. பின்னேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் அலுவலகக் கந்தோர்களைத் துப்புரவாக்க மெற்றோ ரயில் ஏறும்வரைக்கும் அருமைநாதன்தான் ஆசிரியர். வருஷா வருஷம் பள்ளிக்கூட வரிக் கடிதம் வரும்; கட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழைய புத்தகம்கூட இந்த மேசைக்கு வந்ததில்லை.

வகுப்பில் அவள் ஒருத்திதான். என்றாலும் ஷெரோன் கேள்வி கேட்பதென்றால் கையை உயர்த்தி, அவர் தலையாட்டும்வரை காத்திருந்துதான் கேட்பாள்.

முப்பதாம் திகதி காலை, முதலாம் வகுப்புக்கு வாங்கிய பையை அவளே அலுமாரிக்குள்ளிருந்து இழுத்துவந்தாள். தோளில் ஏறவில்லை. அருமைநாதன் குந்தியிருந்து இரண்டு வாரையும் கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்தினார்.

மனைவி சர்மிளா மகளின் சட்டையை மினுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். வலிப்பு மருந்துப் போத்தல் அருமைநாதனின் சட்டைப் பையில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவருக்குத் தெரியாது.

பிள்ளையை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. வகுப்புக்கு வெளியே, பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றுகிற சின்ன வாங்குப் பலகையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்.

அன்றைக்கு ஒருவரும் அவரை எழும்பச் சொல்லவில்லை.

கதவுக் கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. மற்றக் கதிரைகளின் கால்களில் சத்தம் வராமல் ரெனிஸ் பந்துகள் செருகியிருந்தன. ஷெரோனின் கதிரை நூலகத்திலிருந்து தூக்கிவந்தது, வெறுங்கால். அவள் அசைந்தால் கிறீச்சிட்டது. அதனால் அவள் அசையாமலே இருந்தாள்.

இடாப்பு வாசித்தார்கள். அவள் பிரெஞ்சில் “பிறெஸான்த்”, வந்திருக்கிறேன், என்றாள். ஆகப் பலமாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள்.

வீட்டு மேசையில் மூன்று வருஷம் அவர் கேட்காத சிரிப்பு.

மத்தியானம் அக்னெஸ் ஒரு பேப்பர் கப்பில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கேலி ஒன்றும் பண்ணவில்லை.

வலிப்பு வரவில்லை. மணி அடித்தது.

அதிபர் அம்மா கையை நீட்டிக்கொண்டு வந்தா. மெர்சி, மிஸ்யூ, நன்றி ஐயா, ஒரு வகுப்பைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றா. வீட்டில் படிப்பிக்க விரும்பியது நீங்கள். அப்படியிருந்தும் வந்தீர்களே என்றா.

கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் பிள்ளைகள் பாதுகாப்புக்காரர் வீட்டுக்கு வருவார்கள் என்று ஆரோ சொன்ன பயத்தில், மூன்று வருஷத்துக்கு முன் இதே வாசலில் வைத்து அவர் போட்ட கையெழுத்து. ‘பெற்றோரின் விருப்பப்படி.’ வாசித்துவிட்டுத்தான் போட்டார். பிறகு அதைக் கோவில் படியில் நின்று சொல்லிச் சொல்லித் தன் விருப்பமாகவே ஆக்கிக்கொண்டார்.

காவலாளி வகுப்புக்குள் போய், அந்த வெறுங்கால் கதிரையைத் தூக்கினான்.

ஷெரோன் பையை மாட்டிக்கொண்டு, கதிரை போகிற திசையைப் பார்த்தபடி நின்றாள்.

அதிபர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டா.

அருமைநாதனின் வலது கை மேலே போனது. தலைக்கு மேலே, விரல்கள் நேராக. அதை அவர் உயர்த்தியதாக அவருக்கே தெரியாது.

அதிபர் நின்றா. அவரையும் கையையும் பார்த்தா. கடைசியில், என்ன செய்வதென்று தெரியாமல், தலையாட்டினா.

அவருக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில்தான் சொன்னார்.

“மடாம், நான் இந்த வாங்கிலயே இருக்கிறன். எனக்குக் காசு வேண்டாம். நாளைக்கும் அவள் வரலாமோ?”