ஏழு நிமிஷத் தாமதம்

2008ஆம் ஆண்டு, போர்க்காலம். அக்குறணையிலிருந்து கண்டிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் புதுக் கருவி பூட்டினார்கள். பஸ் எங்கே நிற்கிறது என்று அது கண்டி அலுவலகத்துக் கணினிக்குக் கோள் சொல்லிவிடும். பயணிகள் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பஸ் வரும் நேரம் பதிலாகப் போகும்.

அந்த நேரம்தான் ஒருநாளும் சரிவரவில்லை.

கணினிக்குப் பொறுப்பான பாலேந்திரன் திரையைப் பார்த்தார். தினமும் காலையில் பஸ் கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏழு நிமிஷம் அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வேறு. போதாதா?

டிரைவர் சாஹுல் ஹமீதைப் போனில் கேட்டதற்கு, எஞ்சின் சூடாகிறது, தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். பஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பாலேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கையும் மெய்யுமாகப் பிடித்து வேலையை விட்டு நிறுத்துவதென்று, மறுநாள் அக்குறணைக்கே போய், யாரென்று சொல்லாமல் பஸ்ஸில் ஏறினார்.

சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அப்பால் போய் ஏறவேண்டும். பாலேந்திரனின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வீடு எங்கே, வேலை எங்கே, இங்கே ஏன் வந்தாய் என்று கேள்விமேல் கேள்வி.

ஒருவழியாக விட்டார்கள். பஸ் போயிருக்கும் என்று நினைத்தபடி திரும்பினார்.

பஸ் நின்றது. பொனட் திறந்திருந்தது. ஹமீது ஒரு போத்தல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸை எடு என்று அதட்டிய சிப்பாய்க்கு, முன்சீட்டு ஆசிரியை சந்திரிகா ஜன்னலால் தலையை நீட்டி, எஞ்சின் கோளாறைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிறதென்று அவர் முணுமுணுக்கவில்லை. பஸ்ஸில் யாருமே முணுமுணுக்கவில்லை.

பாலேந்திரன் ஏறியதும் பொனட் மூடியது.

"என்னை உமக்குத் தெரியுமோ?"

"தெரியா சேர். கண்டிக்கு டிக்கட் எடுத்தீங்கதானே, நடுவழியில உட்டுட்டுப் போறதா?"

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ?"

"ஒவ்வொரு நாளும் யாரயாச்சும் நிப்பாட்டுறாங்களே சேர்."

பின்னேரம் பஸ் முதலாளி, அந்த டிரைவரை நிறுத்திவிடவா என்று கேட்டார்.

பொய் என்றாலே முகம் சுளிக்கும் பாலேந்திரன், கணினியில் பஸ் வரும் நேரத்தை ஏழு நிமிஷம் தள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவரில பிழையில்லை. எஞ்சின் சரியான சூடு. என்ர கண்ணால பார்த்தனான்."